மஞ்சள் ஃபெராரி யாரோட வண்டி?

2025 ஜூன் 15, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரை. பெங்களூர் அல்சூர்ல ஃபிரெண்டு ரூம்ல நாலு பேர், லேப்டாப்பை டிவில மாட்டி பிரான்ஸ்ல நடக்கற லெ மான்ஸ் 24 மணி நேர கார் ரேஸோட கடைசி லேப் பாத்துட்டு இருக்கோம் (லெ மான்னுதான் சொல்லணுமாம், நம்ம வாய்க்கு லெ மான்ஸ்தான் வருது, விடுங்க). முந்தின நாள் ஏழரைக்கு உட்கார்ந்தது, நடுராத்திரி ரெண்டு பேர் குறட்டை, காலையில ஒருத்தன் போய் இட்லி வடை கட்டிட்டு வந்தான், மத்தியானம் கரண்ட் போச்சு, மொபைல்ல பாத்தோம், அப்படி இப்படின்னு ஒரு நாள் ஓடிருச்சு. மஞ்சள் கலர் ஃபெராரி 499பி, நம்பர் 83, ராபர்ட் குபிட்சா கோட்டைத் தாண்டறார். இருபத்து நாலு மணி நேரம் ஓடின பிறகு ரெண்டாவது வந்த பென்ஸ்கே போர்ஷே (போர்ஷே கம்பெனியோட ஃபேக்டரி டீம்) வெறும் 14 செகண்ட்தான் பின்னாடி.

கணக்குப்படி அந்த 83 ஒரு பிரைவேட் டீம், அதாவது கார் கம்பெனியோட சொந்த டீம் இல்ல. 2005ல சாம்பியன் ரேசிங் ஆடி ஆர்8 வச்சு ஜெயிச்சதுக்கு அப்புறம் இருபது வருஷமா எந்த பிரைவேட் டீமும் லெ மான்ஸ்ல மொத்தமா ஜெயிச்சதே இல்ல. அதனால நான் சோஃபால இருந்து எந்திரிச்சு கத்திட்டேன். பக்கத்துல இருந்தவன் அசையவே இல்ல. "எதுக்குடா குதிக்கற, ஃபெராரி ஃபேக்டரி கார் 50, 51 ரெண்டையும் ஓட்டறதும் இதே ஏஎஃப் கோர்சே டீம்தானடா, ஒரே வீட்டுல மூணாவது பையன் ஃபர்ஸ்ட் வந்திருக்கான், அதுக்கு ஏழை வீட்டுப் பையன் கலெக்டர் ஆன மாதிரி கண்ணு கலங்கற"ன்னான். அதுக்கு எனக்கு உடனே பதில் வரல, அதுக்கப்புறம் நெறைய படிச்சேன், யோசிச்சேன், அதுதான் இந்தக் கட்டுரை.

கம்பெனி டீம், அதாவது ஃபேக்டரி டீம்னா என்னன்னு விளக்க வேண்டியதில்ல. டொயோட்டா, ஃபெராரி, போர்ஷே மாதிரி கார் செய்யற கம்பெனியே காரை உருவாக்கி, காசு போட்டு, டிரைவருக்கு சம்பளம் கொடுத்து இறங்கறது. பிரைவேட் டீம்தான் குழப்பம், ஏன்னா அந்த ஒரே பேருக்குள்ள மூணு வித ஆளுங்க ஒளிஞ்சிருக்காங்க. தானே கார் கட்டிட்டு வர்றவன் ஒருத்தன். கம்பெனிகிட்ட கார் வாங்கி ஓட்டறவன் இன்னொருத்தன். மூணாவது ஆள், பேருக்கு பிரைவேட், உள்ள கம்பெனி. ரூல் புக் எழுதறவங்க இந்த மூணு பேரையும் ஒரே பெட்டில போட்டு மூடிட்டு, நியாயம் பண்ணிட்டோம்னு சொல்றாங்க, என் வருத்தம் அதுதான்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் ஜான் ரோண்டோ. லெ மான்ஸ் ஊர்க்காரர், தன் பேரையே வச்ச காரைக் கட்டி 1980ல ஜெயிச்சார், ரெண்டாவது வந்தது ஜாக்கி இக்ஸும் ரைன்ஹோல்ட் யோஸ்ட்டும் ஓட்டின போர்ஷே. தன் பேர் உள்ள காரைத் தானே ஓட்டி அங்க ஜெயிச்சவர் இன்னிக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான். ரெண்டாவது வகைக்கு அந்த யோஸ்ட்டையே எடுத்துக்கலாம். போர்ஷேகிட்ட 956 கார் வாங்கி 1984ல ஜெயிச்சாங்க, அந்த வருஷம் போர்ஷே ஃபேக்டரி டீம் வரல, சரி, ஓசில கிடைச்சதுன்னு சொல்லலாம். ஆனா 1985ல ஃபேக்டரி முழு பலத்தோட வந்துச்சு, புது 962சி காரோட, யோஸ்ட் டீம் அதே பழைய 956ஐ, அதே சேசிஸை, மஞ்சள் பெயிண்ட்ல கொண்டுவந்து திரும்பவும் அடிச்சாங்க. எப்படின்னா அப்ப பெட்ரோலுக்கு லிமிட் இருந்துச்சு, மொத்த ரேஸுக்கும் இவ்வளவு லிட்டர்தான்னு. அப்ப குதிரை சக்தியை விட சிக்கனம் முக்கியம், சிக்கனம்ங்கறது எங்க எப்ப காலை எடுக்கணும்னு தெரியற வித்தை, அந்த வித்தையைக் கம்பெனி மட்டும் குத்தகைக்கு எடுத்து வச்சுக்க முடியல. 1996ல பாருங்க, இதே யோஸ்ட் போர்ஷே இன்ஜின் போட்ட டபிள்யூஎஸ்சி95ங்கற ஓப்பன் காரை வச்சு போர்ஷேயோட சொந்த 911 ஜிடி1 ரெண்டையும் ரெண்டாவது மூணாவதுக்குத் தள்ளினாங்க, 1997லயும் அதே சேசிஸ் திரும்ப ஜெயிச்சுது. அதுக்கப்புறம் என்னாச்சு? 1999ல இருந்து யோஸ்ட் ஆடியோட ஃபேக்டரி டீம் ஆயிட்டாங்க. நல்லா விளையாடற தெரு டீம் பையனை கிளப் தூக்கிட்டுப் போற மாதிரி.

மூணாவது வகை 1995 மெக்லாரன். பேரு கொகுசாய் கைஹாட்சு ரேசிங், ஜப்பான் பேரு, ஆனா அது மெக்லாரனோட டெஸ்ட் கார், பின்னாடி மெக்லாரன் ஆளுங்க. ரூல்படி பிரைவேட். யாரும் கேக்கல, ஏன்னா கதை நல்லா இருந்துச்சு.

இப்ப கொஞ்சம் வில்சன் கார்டன் வரைக்கும் போயிட்டு வரலாம், ஏன்னா எனக்கு இந்த மேட்டர் நிஜமா புரிஞ்சது டிவில இல்ல, அங்க ஒரு கேரேஜ்ல.

நான் வண்டி விடற கேரேஜ் அண்ணன் திருப்பத்தூர்க்காரர், பெங்களூர் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, கன்னடத்துல திட்டி தமிழ்ல சிரிப்பார். என் காருக்கு டேஷ்போர்டுல மஞ்சள் லைட் எரிஞ்சுட்டே இருந்துச்சு. அண்ணன் ஸ்கேனரை ஸ்டியரிங் கீழ சொருகினார், கோடு வந்துச்சு, எந்த மாட்யூல் போச்சுன்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சார், ஜேசி ரோட்டுக்குப் பையனை அனுப்பி பார்ட் வாங்கி மாட்டியும் முடிச்சுட்டார். லைட் அணையல. புது மாட்யூலை வண்டிக்கு அறிமுகப்படுத்தணுமாம், அதுக்கு கம்பெனி சர்வர்ல லாகின் வேணும், அது ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல மட்டும்தான் இருக்கும். அண்ணன் ஸ்கேனரைக் கையில வச்சுக்கிட்டு சொன்னார், "படிக்க விடுவான் தம்பி, எழுத விடமாட்டான்." வண்டியை டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன், அங்க ஒரு பையன் லேப்டாப்பை சொருகி பத்து நிமிஷத்துல எழுதிக் கொடுத்தான், பில்லு அண்ணன் வாங்கினதை விட ஜாஸ்தி. வேலை பூரா செஞ்சது அண்ணன். வண்டி என்னோடது. ஆனா சாவி கம்பெனிகிட்ட.

ரேஸ்ல கஸ்டமர் டீம் நிலைமையும் இதுதான். போர்ஷே 963 காரை 2023ல பிரைவேட் டீம்களுக்கு வித்தாங்க, நல்ல விஷயம். ஆனா ஃபேக்டரி கார் மார்ச் மாசம் அமெரிக்கால செப்ரிங்ல உலக சாம்பியன்ஷிப் சீசனை (லெ மான்ஸும் அதுல ஒரு ரவுண்டுதான்) ஆரம்பிச்சப்ப கஸ்டமர் கார் ரெடியாகல. ஜோட்டா டீமுக்கு கார் வந்து ரேஸ்ல இறங்கினது மூணாவது ரவுண்ட் பெல்ஜியம் ஸ்பால, புரோட்டான் டீமுக்கு ஜூலை மாசம் இத்தாலி மோன்சால. அதாவது ஒருத்தர் லெ மான்ஸையே தாண்டித்தான் இறங்கினார். இத்தனைக்கும் இது வேணும்னு செஞ்ச சதியெல்லாம் இல்ல, பார்ட்ஸ் தட்டுப்பாடு இருந்துச்சு, ஃபேக்டரி காருக்கு முதல்ல, மிச்சம் இருந்தா கஸ்டமருக்கு. வீட்டுல விருந்து வச்சா யார் தட்டுல முதல்ல பரிமாறுவாங்கன்னு கேட்டா என்ன சொல்றது. கார் கைக்கு வந்த பிறகும் இன்ஜின் மேப், ஹைப்ரிட் சாஃப்ட்வேர், டயர் எந்த டிகிரில எப்படி பிடிக்கும்ங்கற டேட்டா எல்லாம் கம்பெனி எவ்வளவு கொடுக்குதோ அவ்வளவுதான். படிக்கலாம், எழுத முடியாது.

சரி, ரேஸ் நடத்தறவங்க சும்மா இருந்தாங்களா? இல்ல, பாவம், நெறைய முயற்சி பண்ணாங்க, சிலது நல்லாவே பண்ணாங்க. இதைப் புரிஞ்சுக்க ரெண்டு முறை தெரியணும், ரெண்டும் வேற வேற.

முதல்ல வந்தது ஈஓடி, அதாவது வேற வேற டெக்னாலஜி உள்ள கார்களைச் சமப்படுத்தற கணக்கு. 2014ல இருந்து ஆடி, போர்ஷே, டொயோட்டா மூணும் எல்எம்பி1ங்கற அப்போதைய டாப் கிளாஸ்ல ஹைப்ரிட் கார் வச்சு ராக்கெட் மாதிரி ஓடிட்டு இருந்தாங்க, பிரைவேட் டீம்கள் ஹைப்ரிட் இல்லாம பின்னாடி புகை பாத்துட்டு இருந்தாங்க. ஆடி 2016 முடிவுல கிளம்பிருச்சு, போர்ஷே 2017 முடிவுல எல்எம்பி1ஐ மூடிருச்சு, மிச்சம் டொயோட்டா ஒண்ணுதான். சாம்பியன்ஷிப்பைக் காப்பாத்த பிரைவேட் ஆளுங்க வேணும், ரெபெல்லியன், எஸ்எம்பி, பைகோலஸ், டிராகன்ஸ்பீட் எல்லாரும் 2018ல வந்தாங்க, சமமா பண்றோம்னு வாக்குக் கொடுத்தாங்க. ஆனா அந்தச் சமத்துக்குள்ள ஒரு விஷயம் இருந்துச்சு. லெ மான்ஸ்ல டொயோட்டா ஒரு டேங்க்ல 11 லேப் ஓடலாம், பிரைவேட் கார் 10 லேப். ஒரு லேப்தானேன்னு தோணும். அந்த வருஷம் ஜெயிச்ச டொயோட்டா ஓடினது 388 லேப், அதை 11ஆல வகுத்தா முப்பத்தஞ்சு சொச்சம், 10ஆல வகுத்தா முப்பத்தொம்போது கிட்ட. மூணு நாலு தடவை எக்ஸ்ட்ராவா பிட்டுக்கு வரணும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குக் குறையாம போகும், லெ மான்ஸ்ல ஒரு லேப் அப்ப மூணே கால், மூணரை நிமிஷம். ஆக ஒரு தப்பும் பண்ணாம, ஒரு ஸ்பேனர் கூட கீழ விழாம, அதே வேகத்துல ஓடினாலும் பிரைவேட் கார் ஒரு லேப் கடன்லதான் ரேஸை ஆரம்பிக்குது. கடைசில மூணாவது வந்த ரெபெல்லியன் 12 லேப் பின்னாடி. எல்லாமே அந்த ரூலால வந்ததில்ல, அவங்க காருக்கும் பிரச்சனை வந்துச்சு, ஆனா போட்டிங்கற பேர்ல நடந்தது டொயோட்டா ரெண்டு காருக்குள்ள நடந்த போட்டி. அந்த வருஷம் ஃபெர்னாண்டோ அலோன்சோ ஜெயிச்சார்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், யாரை எதிர்த்து ஜெயிச்சார்னு கேட்டா தலையைச் சொறிவோம்.

அதே சீசன்ல சில்வர்ஸ்டோன்ல டொயோட்டா ரெண்டு காரும் அடிப்பலகை சோதனைல ஃபெயில் ஆகி டிஸ்குவாலிஃபை ஆனதால ரெபெல்லியனுக்கு வெற்றி கிடைச்சுது. அடுத்த சீசன்ல, 2019-20ல, ஜெயிக்க ஜெயிக்க காரை மெதுவாக்கற சக்ஸஸ் ஹேண்டிகேப் கொண்டுவந்தாங்க, ரெபெல்லியன் ஷாங்காய்லயும் ஆஸ்டின்லயும் நேர்லயே ஜெயிச்சாங்க. ஆனா லெ மான்ஸுக்கு மட்டும் அந்த ஹேண்டிகேப் கிடையாது. வருஷம் பூரா பையனுக்கு செல்லம் கொடுத்துட்டு பப்ளிக் எக்ஸாம் அன்னிக்கு கணக்கு கறாரா போட்ட கதை. 2020 லெ மான்ஸ்ல ரெண்டாவது வந்துட்டு ரெபெல்லியன் கடையை மூடிட்டாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்ப வலிக்கற தகவல் என்னன்னா, அவங்களோட ரெபெல்லியன் ஆர்13 காரை அப்படியே எடுத்து ஆல்பின் ஏ480ன்னு பேர் மாத்தி 2021ல இறக்கினாங்க, லெ மான்ஸ்ல மூணாவது வந்துச்சு. பிரைவேட் டீமோட கார், பேரு கம்பெனியோடது, போடியம்ல கம்பெனி.

ரெண்டாவது முறை பிஓபி, பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், 2021ல எல்எம்பி1க்குப் பதிலா ஹைப்பர்கார்ங்கற டாப் கிளாஸ் வந்ததுல இருந்து இதுதான். கான்செப்ட் சிம்பிள்: குறைஞ்சபட்ச எடை 1030 கிலோ, பவர் 500 கிலோவாட் சுமார், அதை ஒவ்வொரு காருக்கும் கொஞ்சம் ஏத்தி இறக்கி எல்லாரையும் ஒரு ஜன்னலுக்குள்ள கொண்டுவர்றது. ஏமாத்த முடியாதபடி டிரைவ் ஷாஃப்ட்லயே டார்க் சென்சர் வச்சு பவரை அளக்கறாங்க, ஒரு ஸ்டின்ட்டுக்கு (ஒரு பிட் ஸ்டாப்ல இருந்து அடுத்த பிட் ஸ்டாப் வரை) இத்தனை மெகாஜூல்தான்னு எனர்ஜிக்கும் அளவு. முன்ன இருந்த 11 லேப், 10 லேப் மாதிரி பச்சையா ஒருத்தருக்கு சாதகம் இல்ல. இந்த விஷயத்துல பிஓபியைத் திட்டறவங்களோட நான் சேரமாட்டேன், இது இல்லாட்டி 2025ல எட்டு கம்பெனி, 18 ஹைப்பர்கார் ஒரே கிரிட்ல நின்னிருக்காது. 1992ஐ யோசிச்சுப் பாருங்க, எஃப்1 மாதிரி 3.5 லிட்டர் இன்ஜின் கட்டாயம்னு ஆக்கி செலவை வானத்துக்கு ஏத்தினாங்க, லெ மான்ஸுக்கே 28 கார்தான் வந்துச்சு, உலக சாம்பியன்ஷிப் அதோட செத்துச்சு. காசுல போட்டி போட விட்டா என்ன ஆகும்னு அப்பவே பாத்தாச்சு.

ஆனா பிஓபில பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கு. அது காருக்கு, டீமுக்கு இல்ல. பென்ஸ்கேவோட ஃபேக்டரி 963க்கும் ஜோட்டா வாங்கின 963க்கும் ஒரே எடை, ஒரே பவர்தான் இருந்துச்சு. கேக்க நியாயமா இருக்கா? இப்ப ஃபேக்டரி டீம் நல்ல டேட்டா, நல்ல சிமுலேட்டர், நெறைய இன்ஜினியர் வச்சு காரை அதோட உச்சத்துல ஓட்டுது, ரேஸ் நடத்தறவங்க அதைப் பாத்து இந்த கார் வேகம்னு எடை போடறாங்க. அந்த எடை கஸ்டமர் கார் மேலயும் விழும், அவன் அந்த உச்சத்தைத் தொட்டானா இல்லையான்னு யாரும் பாக்கறதில்ல. நெல்லுக்குப் பாயற தண்ணி புல்லுக்கும் பாயும்னு சொல்லுவாங்க, இங்க நெல்லுக்கு அடிச்ச மருந்துதான் புல்லு மேல விழுது.

2023 லெ மான்ஸுக்கு சில நாள் முன்னாடி நடந்தது ஞாபகம் இருக்கும். லெ மான்ஸ் முடியற வரை பிஓபியை மாத்தமாட்டோம்னு இருந்ததை மாத்தி டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, கேடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3 கிலோ ஏத்தினாங்க. டொயோட்டா கொந்தளிச்சாங்க. ஃபெராரி ஜெயிச்சாங்க. அதுல நியாயம் யார் பக்கம்னு இன்னும் சண்டை ஓடுது, நான் அதுக்குள்ள போகல. அந்த ரேஸ்ல எனக்கு ஞாபகம் இருக்கறது வேற: ஜோட்டாவோட தங்கக் கலர் 963, யிஃபெய் யேன்னு ஒரு சீனப் பையன், சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி முதல் இடத்துல ஓடினான், கொஞ்ச நேரத்துல போர்ஷே கர்வ்ஸ்ங்கற வளைவுல சுவத்துல மோதிட்டான். ஒரே ஒரு ஹைப்பர்காரை வச்சிருந்த டீமுக்கு அதோட ஜெயிக்கற கதை முடிஞ்சுது. ஃபேக்டரிக்கு இன்னும் கார் இருக்கு. (அதே யே தான் 2025ல மஞ்சள் ஃபெராரில ஜெயிச்சது. குபிட்சா, யே, ஃபில் ஹான்சன் மூணு பேர். மனசுக்கு அது ஒரு சந்தோஷம்.)

2024 மே மாசம் ஸ்பால ஜோட்டா நிஜமாவே ஜெயிச்சாங்க, பென்ஸ்கே ஃபேக்டரி காரையே ரெண்டாவது இடத்துல விட்டு. கேலம் ஐலாட்டும் வில் ஸ்டீவன்ஸும் ரெண்டே பேர் ஓட்டினாங்க. நடுவுல பெரிய ஆக்சிடென்ட், ரெட் ஃப்ளாக் காட்டி நிறுத்தினாங்க, ரேஸை நீட்டினாங்க, பிட் ஸ்டாப் டைமிங்ல அதிர்ஷ்டமும் இருந்துச்சு, இருக்கட்டுமே, அதிர்ஷ்டம் கம்பெனிக்கு மட்டும் எழுதி வச்ச சொத்தா என்ன. ஒரே கார், ஒரே எடை, இருந்தும் ஜெயிக்கலாம்னு காட்டினாங்க. அடுத்த வருஷம் ஜோட்டா எங்க? கேடிலாக்கோட ஃபேக்டரி டீம். யோஸ்ட் போன அதே ரூட்டு.

கஸ்டமர் நிலைமை இதுன்னா, சொந்தமா கார் கட்டறவன் நிலைமை இன்னும் மோசம், இங்கதான் எனக்குக் கோபமே வருது. ஜிம் கிளிக்கன்ஹவுஸ்னு ஒரு அமெரிக்கர், ஹைப்பர்கார் ரூல் வந்ததும் நான் கட்டறேன்னு வந்தார், ஹைப்ரிட் இல்லாத ட்வின் டர்போ வி8, 007ன்னு பேரு. 2021 லெ மான்ஸ்ல நாலாவது, அஞ்சாவது. 2022ல மூணாவது, போடியம். அப்ப எதிர்ல நின்ன கம்பெனிகள் கம்மி, உண்மை, ஆனா இவர் வந்ததாலதான் கிரிட்ல ஆளே இருந்துச்சு. 2023ல ஃபெராரி, போர்ஷே, கேடிலாக் எல்லாம் வந்ததும் இவர் கார் பின்னாடி போச்சு, பிஓபி பத்தி பொதுவுல புலம்பினார், அந்த வருஷமே நிறுத்திட்டார். பொதுவுல புலம்பறதுக்கே ரூல்ல தடை இருக்குங்கறது இன்னொரு கதை: பிஓபியைப் பத்தி வெளிய அறிக்கை விட்டு அதை மாத்தப் பாக்கக்கூடாதுன்னு ஸ்போர்ட்டிங் ரெகுலேஷன்ல எழுதியே வச்சிருக்காங்க. கம்பெனிக்கு இது பெரிய பிரச்சனை இல்ல, அவங்க ஆளுங்க ரூல் எழுதற டேபிள்ல உட்கார்ந்து பேசிக்கலாம். சின்ன ஆளுக்கு இருந்த ஒரே ஆயுதம் வாய், அதையும் கட்டிட்டா?

அப்புறம் வந்துச்சு ரெண்டு கார் ரூல். 2025ல இருந்து உலக சாம்பியன்ஷிப்ல ஹைப்பர்கார் கொண்டுவர்ற ஒவ்வொரு கம்பெனியும் குறைஞ்சது ரெண்டு கார் இறக்கணும். கம்பெனிக்குப் போட்ட ரூல்தான், ஆனா யார் மேல விழுந்துச்சு பாருங்க. ஒரு கார் வச்சு சமாளிச்சுட்டு இருந்த ஐசோட்டா ஃபிராஸ்கீனி 2024 நடுவுலயே விலகிட்டாங்க. லம்போர்கினி பெரிய பேரு, அவங்களே ஒரு கார்தான் ஓட்டிட்டு இருந்தாங்க, 2024ஓட போயிட்டாங்க. இனிமே ஒரு ரோண்டோ வரணும்னா ஒரு காரைக் கட்டினா பத்தாது, ரெண்டு கட்டணும், காத்துச் சுரங்கத்துல வச்சு ஹோமோலகேஷன், அதாவது டிசைனுக்கு ஒப்புதல், வாங்கணும், வாங்கின பிறகு டிசைனை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, வருஷம் பூரா உலகம் சுத்தணும். டவுன் பஸ்ஸுக்கு நிக்கறவன்கிட்ட, ஏர்போர்ட் டாக்ஸி ரெண்டு புக் பண்ணினாத்தான் ஏத்துவோம்னு சொல்ற மாதிரி. கிரிட்ல இடம் பத்தலைங்கறது அவங்க பக்க நியாயம், அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா இடம் பத்தாதப்ப யாரை வெளிய நிறுத்தறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

டாப் கிளாஸுக்கு ஒரு படி கீழ இருக்கற எல்எம்பி2 கிளாஸ் இதுக்கெல்லாம் நல்ல பதிலா இருந்துச்சு, அதை உலக சாம்பியன்ஷிப்ல இருந்து 2023ஓட எடுத்துட்டாங்க, லெ மான்ஸ்ல மட்டும் மிச்சம். எல்லாருக்கும் ஒரே கிப்சன் வி8 இன்ஜின், விலைக்கு உச்சவரம்பு, கம்பெனி டீம் உள்ள வர முடியாது. 2017ல எல்எம்பி1 கார் எல்லாம் ஒண்ணொண்ணா படுத்துக்க, ஜாக்கி சான் டிசி ரேசிங்கோட எல்எம்பி2 கார் எல்லாருக்கும் முன்னாடி முதல் இடத்துல ஓடி, கடைசில போர்ஷே அதைத் தாண்டிப் போனதால ரெண்டாவது வந்துச்சு. நம்ம பெங்களூர்ப் பையன் அர்ஜுன் மைனி 2019ல லெ மான்ஸ் ஓடினதும் இந்த கிளாஸ்லதான்.

நம்மூர் ஆளுங்க அங்க போன கதை முழுக்கவே பிரைவேட் டீம் கதைதான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009ல கோலஸ் டீம்ல, ஆடி கழட்டி விட்ட பழைய ஆர்10 டீசல் கார்ல ஓட்ட வேண்டியது, ரேஸுக்கு முன்னாடி பிட் சுவத்துல இருந்து குதிச்சு தோள்பட்டை நழுவி ஓட்ட முடியாம போச்சு. மிச்ச ரெண்டு டிரைவரும் மட்டுமே ஓட்டி ஏழாவது கொண்டுவந்தாங்க. சென்னை கருண் சந்தோக் 2012ல ஜேஆர்எம் டீம்ல எல்எம்பி1 ஓட்டி ஆறாவது, லெ மான்ஸ் ஓடின முதல் இந்தியர். அந்த ஆறாவதோட மதிப்பு என்னன்னா மேல இருந்த அஞ்சுல நாலு ஆடி ஃபேக்டரி கார், ஒண்ணு ரெபெல்லியன். கம்பெனி டீம்ல சீட் கேட்டு நிக்கறதுக்கு முன்னாடி நம்ம பசங்களுக்கு எந்தக் கதவு திறந்துச்சுன்னு இதுல தெரியும்.

அஜித் சார் டீம் 2025 ஜனவரில துபாய் 24 மணி நேரத்துல 992 கிளாஸ்ல மூணாவது வந்தப்ப மர்ஃபி டவுன்ல வெடி வெடிச்சாங்க, நானே கேட்டேன். அந்த கிளாஸ்ல ஏன் இந்தச் சண்டை இவ்வளவு இல்லைன்னா, எல்லாரும் ஓட்டறது ஒரே மாடல் போர்ஷே கப் கார். கம்பெனிக்கு எல்லாருமே கஸ்டமர், அங்க கம்பெனி எதிர்ல நின்னு ரேஸ் ஓட்டறதில்ல, கடைதான் நடத்துது. விக்கறவனே ஓட்டவும் செய்யறப்பதான் தகராறு.

ரோட்டுல ஓடற ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாத்தி ஓட்டற எல்எம்ஜிடி3 கிளாஸ்ல கூட இது பாதி தீர்ந்திருக்கு, ஒவ்வொரு கார்லயும் ஒரு வெண்கல (bronze) கிரேடு டிரைவர், அதாவது அமெச்சூர் ஆள், கட்டாயம், அதனால டீமை ஓட்டறது பெரும்பாலும் சொந்தக் காசு. ஆனா அங்கயும் எந்த பிராண்டுக்கு இடம்னு முடிவு பண்றப்ப ஹைப்பர்கார்ல இருக்கற கம்பெனிக்கு முன்னுரிமை. ஒரு பிராண்டுக்கு ரெண்டு கார், அவ்வளவுதான், அந்த பிராண்ட் உங்களைத் தேர்ந்தெடுக்கணும். திரும்பவும் சாவி அங்கதான் போய் நிக்குது.

இப்ப மஞ்சள் ஃபெராரிக்கு வர்றேன். 83ம் நம்பர், உலக சாம்பியன்ஷிப்ல பிரைவேட் டீம்களுக்குன்னு தனியா இருக்கற கோப்பைக்குத்தான் ரெஜிஸ்டர் ஆகியிருந்துச்சு, உண்மை. ஓட்டினது ஏஎஃப் கோர்சே, அவங்க கம்பெனி இல்ல, டீம், அதுவும் உண்மை. ஆனா அதே டீம்தான் ஃபேக்டரி கார் ரெண்டையும் பாத்துக்குது, யே ஃபெராரியோட அஃபிஷியல் டிரைவர், டேட்டா மூணு காருக்கும் நடுவுல சுவர் இல்லாம போகும்னு யோசிக்க பெரிய மூளை வேணாம். என் அபிப்பிராயம், அது ஏமாத்து இல்ல, ரூல் விட்ட வழில போயிருக்காங்க. ஆனா அதை 1985 மஞ்சள் யோஸ்ட் கார் பக்கத்துல வைக்க எனக்கு மனசு வரல. யோஸ்ட் ஃபேக்டரியை எதிர்த்து ஜெயிச்சார். இது ஃபேக்டரியோட சேர்ந்து ஜெயிச்சது. 2025 சீசன் முழுசுக்கும் அந்த பிரைவேட் கோப்பைல நின்னது மொத்தமே ரெண்டு கார், இந்த 83ம் புரோட்டானோட 99 போர்ஷேயும். ரெண்டு பேர் ஓடற ரேஸ்ல கோப்பை. அதுலயும் போர்ஷே 2025 முடிவோட ஃபேக்டரி டீமை உலக சாம்பியன்ஷிப்ல இருந்து எடுத்துட்டாங்க.

என்ன செஞ்சா சரியாகும்னு கேட்டா, கிலோவைக் குறைச்சு கொடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். பிரைவேட் காருக்கு 20 கிலோ சலுகை கொடுத்தா அடுத்த நாளே கம்பெனி தன் மூணாவது காருக்கு பிரைவேட் பெயிண்ட் அடிச்சு அனுப்பும். கார் விக்கற கம்பெனி, ஃபேக்டரி டீமுக்குக் கொடுக்கற சாஃப்ட்வேர் அப்டேட்டை அதே நாள் கஸ்டமருக்கும் கொடுக்கணும், டயர் டேட்டாவைப் பொதுவுல போடணும், ஃபேக்டரி டீம் ஓட்டற கையே பிரைவேட் கோப்பைக்கு நிக்கக்கூடாது, தன் கார் தானே கட்டறவனுக்கு ஒரு கார் போதும். இதுல எதுவுமே காரை வேகமாக்காது, செலவும் பெருசா இல்ல. கம்பெனிக்கு இதுல பிடிக்காததும் அதுதான், ஏன்னா கிலோ கொடுத்தா திரும்ப வாங்கலாம், தகவல் கொடுத்தா திரும்ப வாங்க முடியாது.

அந்த ஞாயித்துக்கிழமை சண்டை ரூம்ல முடியல, வாட்ஸ்அப் குரூப்புக்குப் போச்சு. லெ மான்ஸ் ஜெயிச்ச பிரைவேட் டீம் லிஸ்ட் ஒண்ணு போட்டேன். 1985, 1996 யாரும் தொடல. 1995 மெக்லாரனுக்கு ஒருத்தன் கேள்விக்குறி போட்டான், 2025க்கு மூணு பேர் போட்டாங்க. 1980 ரோண்டோ மட்டும் சுத்தமா நின்னுச்சு, ராத்திரி பதினொண்ணு வரைக்கும். அப்புறம் ஒருத்தன் "இன்ஜின் காஸ்வொர்த்கிட்ட வாங்கினதுதானே"ன்னு ஆரம்பிச்சான், குரூப்பை மியூட்ல போட்டுட்டுப் படுத்துட்டேன்.